இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் நிரலில் கூடிக்கொண்டே சென்ற ஓர் எண்ணிக்கை 2147483647-ஐத் தொட்ட மறுகணமே −2147483648 என்று எதிர்ப்பக்கம் புரண்டுவிட்டதாகவும், பிழையைத் திருத்திய பிறகும் "எண்களுக்கா பஞ்சம், இந்த எண் மட்டும் ஏன்?" என்ற கேள்வி உன்னை விடவில்லை என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் இதைச் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே உனக்கு வேறோர் அழைப்பு வந்துவிடும், அதனால்தான் கடிதம். உன் கேள்விக்கு நேரான விடை ஒரு பத்தியில் அடங்கிவிடும். ஆனால் இந்த எண் கணினிகளின் எல்லையாக ஆவதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கணித உலகில் பெயர் பெற்றுவிட்டது. அந்தப் பழைய பெயரே இதன் உண்மையான பெருமை என்பது என் எண்ணம். ஆகவே விடையைச் சுருக்கமாகவும் மற்றதை விரிவாகவும் எழுதப் போகிறேன்.

உன் நிரல் அந்த எண்ணிக்கைக்காக 32 இருமை இடங்களை, அதாவது 0 அல்லது 1 மட்டுமே எழுதத்தக்க இடங்களை, ஒதுக்கியிருக்கிறது. வலப்புறத்திலிருந்து எண்ணினால், முதல் 31 இடங்களின் மதிப்புகள் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே சென்று 1073741824-இல் முடிகின்றன. எதிர்ம எண்களையும் அதே இடத்துக்குள் எழுத வேண்டியிருப்பதால், 32-ஆவது இடத்துக்கு மட்டும் −2147483648 என்ற மதிப்பைக் கொடுத்திருக்கிறார்கள். 31 இடங்களிலும் 1 நிரம்பி, 32-ஆவது இடத்தில் 0 இருக்கும்போது கிடைப்பதுதான் 2147483647. சுருக்கமாக எழுதினால் 2³¹ − 1. அதனுடன் மேலும் ஒன்றைக் கூட்டினால், அந்த 31 இடங்களும் 0 ஆகி, மிகுதி 32-ஆவது இடத்துக்கு ஏறிவிடுகிறது. அந்த இடத்தின் மதிப்பு எதிர்மமானது என்பதால்தான் உன் எண்ணிக்கை ஒரே அடியில் எண்கோட்டின் மறுகோடிக்குப் போய்விட்டது.

இந்த எல்லையில் இடித்துக்கொண்டவள் நீ ஒருத்தி அல்லள். 2014 டிசம்பரில் யூடியூப் தளத்தில் ஒரு தென்கொரியப் பாடலின் பார்வை எண்ணிக்கை இந்த எண்ணைக் கடந்த சமயத்தில் தங்கள் எண்ணியை 64 இடங்களுக்கு விரிவாக்கிவிட்டதாக அவர்கள் அறிவித்தார்கள். 1970 ஜனவரி 1 நள்ளிரவு தொடங்கி நொடிகளை எண்ணிவரும் பழைய அமைப்புகளில், உலகப் பொது நேரப்படி 2038 ஜனவரி 19 அன்று அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை நிரம்பிவிடும். திருத்தப்படாத கணினிகள் அடுத்த நொடியில் 1901 டிசம்பர் 13 என்று நாள் காட்டும். இதையே ஒரு விளையாட்டாகவும் சொல்லலாம். ஹனோய் கோபுரம் என்ற புதிரில் 31 வட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்ற, குறைந்தது 2147483647 நகர்த்தல்கள் தேவை. 1970 பிறந்த நொடியில் தொடங்கி, நொடிக்கு ஒரு வட்டாக ஓய்வின்றி நகர்த்தும் ஒருவர், மேற்சொன்ன அதே நொடியில்தான் வேலையை முடிப்பார். அந்தப் புதிரை 1883-இல் வெளியிட்டவர் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள், மீண்டும் வருவார்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 2147483647 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. கணினியை வடிவமைத்தவர்கள் 32 என்ற அளவைத் தேர்ந்தெடுத்தபோது இதை எண்ணிப் பார்த்துச் செய்யவில்லை. 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போவது அவர்களுக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்த அளவுகள் ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லை எண்ணை எடுத்துப் பார்த்தால் இது தற்செயல் என்பது விளங்கிவிடும். 8 இடங்களுக்கு எல்லை 127, அது பகா எண். 16 இடங்களுக்கு எல்லை 32767. அது 7 × 31 × 151. 64 இடங்களுக்கு எல்லை 9223372036854775807; அது 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657 என்று துண்டு துண்டாக உடைந்துவிடுகிறது. நான்கில் இரண்டுக்குத்தான் இந்தப் பேறு வாய்த்திருக்கிறது.

ஏன் 16-உம் 64-உம் தோற்றன என்பதைக் கணக்கே போடாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 32767-ஐ இருமை முறையில் எழுதினால் பதினைந்து 1-கள் வரிசையாக நிற்கும். பதினைந்தை மும்மூன்றாக ஐந்து கட்டுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கட்டிலும் இருப்பது மூன்று 1-கள், அதாவது 7. ஆகவே முழு எண்ணும் 7-இன் மடங்காகத்தான் இருக்க முடியும். அதையே ஐயைந்தாக மூன்று கட்டுகளாகப் பிரித்தால் 31 ஒரு காரணியாக வந்து நிற்கிறது. 63 இடங்களையும் ஏழேழாகப் பிரிக்கலாம் என்பதால் 127 அதை வகுக்கிறது. ஆனால் 31 என்ற எண் தானே பகா எண் என்பதால், முப்பத்தொரு 1-களைச் சமமான கட்டுகளாகப் பிரிக்க வழியே இல்லை. 1-களின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் முழு எண்ணும் பகு எண்தான் என்ற விதி இப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் இதன் மறுதலை உண்மையன்று. பலர் வழுக்கிய இடம் இதுதான். பதினொரு 1-களையும் கட்டுகளாகப் பிரிக்க முடியாது, என்றாலும் 2¹¹ − 1 ஆகிய 2047 என்பது 23 × 89. இத்தாலியரான கட்டால்டி 1603-இல் வெளியிட்ட நூலில், 2-இன் அடுக்கு 17, 19 ஆகும்போது இவ்வாறு கிடைப்பவை பகா எண்கள் என்பதைச் சரியாக வகுத்துப் பார்த்தே நிறுவினார். அதே மூச்சில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அவ்வாறே என்று சொல்லிவிட்டார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா, 2²³ − 1 என்பது 47-ஆலும் 2³⁷ − 1 என்பது 223-ஆலும் வகுபடுவதைக் காட்டினார். பிற்பாடு 29-உம் விழுந்தது. அந்த எண் 233 × 1103 × 2089. கட்டால்டி சொன்ன அந்த நான்கில் தப்பியது 31 மட்டுமே. 1644-இல் மெர்சென் என்ற துறவி வெளியிட்ட புகழ்பெற்ற பட்டியலிலும் 31 இருந்தது; அந்தப் பட்டியலில் 67, 257 ஆகியவை தவறாக நுழைந்திருந்தன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. இவ்வகைப் பகா எண்களுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. பட்டியல் பிழையுள்ளதாக இருந்தும் பெயர் அவருக்கே போய்ச் சேர்ந்ததில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு. நிறுவியவருக்கு அல்லவா அது போயிருக்க வேண்டும்?

நிறுவியவர் ஆய்லர் என்ற கணிதமேதை. ஆண்டு 1772. இரு கண்களின் பார்வையையும் ஏறக்குறைய முழுவதுமாக இழந்துவிட்ட நிலையில், பெர்னூலி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இந்தச் செய்தியைத் தெரிவித்தார். அவர் செய்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். நீ பொறுமையாகப் பின்தொடர வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் நான் உண்மையில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி அதற்கு இருந்தே தீர வேண்டும். 2147483647-இன் வர்க்கமூலம் 46340-ஐவிடச் சற்றே அதிகம். அந்த அளவுக்குள் இருக்கும் பகா எண்கள் 4792. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணைக் கையால் வகுத்துப் பார்ப்பது இயலாத வேலை அன்று, ஆனால் ஒருவர் தன் வாழ்நாளில் இரண்டாம் முறை செய்யத் துணியும் வேலையும் அன்று. ஆய்லர் வகுப்பதற்கு முன்பே பெரும்பாலானவற்றை இரண்டு காரணங்களால் ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

முதல் காரணம் ஃபெர்மாவிடமிருந்து வந்தது. ப என்ற ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதிகளை மட்டும் எழுதிக்கொண்டே போனால், அந்த மீதிகள் எப்போதாவது 1-ஐ அடைந்து, மறுபடியும் முதலிலிருந்து சுழலத் தொடங்கும். 2³¹ − 1 என்பது ப-ஆல் வகுபடுவதால், 31-ஆவது அடுக்கில் மீதி 1 ஆகத்தான் வேண்டும். சுழற்சியின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். நீளம் 1 ஆகவும் முடியாது. ஆகவே நீளம் சரியாக 31. மறுபுறம், ப − 1 என்ற அடுக்கிலும் மீதி 1 ஆகும் என்பது ஃபெர்மாவின் சிறிய தேற்றம். ஆகவே 31 என்பது ப − 1-ஐ வகுக்கிறது. ப ஓர் ஒற்றை எண் என்பதால் ப − 1 இரட்டை எண். இரண்டையும் சேர்த்தால், ப என்பது 62-இன் ஏதேனும் ஒரு மடங்குடன் 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 3, 5, 7, 11 என்று நாம் வழக்கமாகத் தொடங்கும் சிறிய எண்கள் அத்தனையும் ஒரே வீச்சில் கழிந்துபோகின்றன.

இரண்டாம் காரணம் இன்னும் நுட்பமானது. 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1 என்றால், 2³²-ஐ வகுத்தால் மீதி 2. ஆனால் 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது, ப-ஆல் வகுத்த மீதிகளின் உலகில் 2 என்ற எண் ஒரு வர்க்க எண்ணாக இருக்கிறது. அப்படி நிகழ வேண்டுமானால், ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 7 ஆகவோதான் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையுடன் இதையும் பொருத்தினால், 248-இன் மடங்குடன் 1-ஐக் கூட்டியவை, 248-இன் மடங்குடன் 63-ஐக் கூட்டியவை ஆகிய இரண்டு வரிசைகள் மட்டுமே எஞ்சுகின்றன. 46340-க்குள் அவ்வரிசைகளில் உள்ளவை, 1-ஐயும் 63-ஐயும் நீக்கிவிட்டால், 372 எண்கள். அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள் என்பதால் அவற்றைச் சோதிக்கத் தேவையில்லை. மிஞ்சுபவை நூற்றுக்கும் குறைவு. சோதிக்க வேண்டிய முதல் பகா எண் 311. நம் எண்ணை அதனால் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. இப்படியே இறுதிவரை சென்றும் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. எனவே 2147483647 பகா எண்.

நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் இந்த இடத்தில் ஆய்லரின் கணக்கு வேகத்தைத்தான் வியப்பார்கள். எனக்கு வியப்பு வேகத்தில் இல்லை. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்களைத் நூற்றுக்கும் குறைவானவற்றுக்குள் அடக்கியது வேகம் அன்று. வகுக்கும் முன்னரே, வகுக்கக்கூடியவை எப்படி இருந்தாக வேண்டும் என்று கேட்டதுதான். அதன்பின் பல பத்தாண்டுகள் இதுவே மனிதர்கள் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இருந்தது.

லூக்கா மீண்டும் வருவார் என்றேன் அல்லவா? 1876-இல் அவர் வகுத்தலையே தேவையற்றதாக்கும் ஒரு சோதனையைக் கண்டார். 1930-இல் லேமர் அதைச் செப்பனிட்டார். 4-இல் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையிலுள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட இரண்டு குறைவான முறைகள் இதைச் செய்தபின் மீதி 0 வந்தால் அது பகா எண், வராவிட்டால் பகு எண். 127-க்கு, அதாவது 2⁷ − 1-க்கு, ஐந்து முறை செய்ய வேண்டும்: 14, 67, 42, 111, 0. எவ்வளவு ஒழுங்கின்றித் தள்ளாடிக்கொண்டு வந்து கடைசியில் பூச்சியத்தில் விழுகிறது பார்! 2147483647-க்கு 29 முறை போதும். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, இன்று நாம் அறிந்த மிகப் பெரிய பகா எண்ணாகிய, 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணும் இதே சோதனையால் உறுதிசெய்யப்பட்டதுதான். அது 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது, இவ்வகையில் நமக்குத் தெரிந்த 52-ஆவது எண். நம் எண் அந்த வரிசையில் எட்டாவது.

இலக்கங்களைக் கூட்டுவது, திருப்பி எழுதுவது போன்ற வேடிக்கைகளை நான் இங்கே சேர்க்கவில்லை. நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 46 வரும், வந்தால் என்ன? நமக்குப் பத்து விரல்கள் இல்லாமல் எட்டு விரல்கள் இருந்திருந்தால் அந்தக் கூட்டுத்தொகையே வேறாக இருக்கும். எப்படி எழுதினாலும் மாறாத பண்புகளே எண்ணுக்குச் சொந்தமானவை என்பது என் கட்சி. அப்படிப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று லக்ராஞ்ச் 1770-இல் நிறுவினார். பல எண்களுக்கு மூன்றே போதும், சிலவற்றுக்கு இரண்டே போதும். ஆனால் 8-ஆல் வகுத்தால் மீதி 7 வரும் எண்களுக்கு மூன்று ஒருபோதும் போதாது. காரணம், எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 ஆகியவற்றுள் ஒன்றாகவே இருக்கும், அவற்றில் மூன்றை எப்படிக் கூட்டினாலும் 7 என்ற மீதி கிடைக்காது. நம் எண்ணின் மீதி 7. ஆகவே அதற்கு நான்கும் வேண்டும். ஒரு வழியைத் தாளில் போட்டுக் கண்டேன்: 46339² + 425² + 10² + 1². முதல் வர்க்கம் 2147302921, இரண்டாவது 180625. மீதியை நீயே கூட்டிப் பார்த்துக்கொள்.

அண்டை அயலாரையும் பார்க்க வேண்டும். நம் எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 4294967295 வருகிறது. 32 இடங்களையும் நேர்ம எண்களுக்கே ஒதுக்கினால் கிடைக்கும் எல்லை அது. அது 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும், 2-இன் அடுக்குடன் ஒன்று கூட்டிக் கிடைக்கும் ஃபெர்மா பகா எண்கள். இவற்றைத் தவிர வேறொரு ஃபெர்மா பகா எண்ணை இதுவரை எவரும் கண்டதில்லை. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையத்தக்க ஒழுங்குப் பல்கோணங்களுள், ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் உடையவற்றில், நாம் அறிந்த மிகப் பெரியது 4294967295 பக்கங்கள் கொண்டதே. அதற்கு இரண்டு அடி தள்ளி நிற்கும் 4294967297 ஒரு பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். அதை 641 × 6700417 என்று 1732-இல் உடைத்தவரும் ஆய்லர்தான். அங்கேயும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை: காரணி இருந்தால் அது 64-இன் மடங்குடன் 1 கூட்டியதாக இருக்க வேண்டும் என்று காட்டினார். 641 என்பது பத்து முறை 64, அதனுடன் 1.

உன் தொழிலுக்கு நெருக்கமான ஒன்று. கணினியின் எல்லையும் பகா எண்ணும் ஒன்றாக அமைந்த இந்தத் தற்செயலைப் பிற்காலத்தில் சிலர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். பார்க், மில்லர் என்ற இருவர் 1988-இல் பரிந்துரைத்த, சமவாய்ப்பு எண்களை (குலுக்கிப் போட்டு எடுத்தவை போல் தோன்றும் எண்களை) உருவாக்கும் முறை மிக எளியது: கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடுத்துக்கொள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும்; 10000-ஆவது முறை 1043618065 வர வேண்டும், வந்தால் நிரல் சரி. 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒரு முறை வந்து முடிந்த பிறகே சுற்று மீண்டும் தொடங்கும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால்தான் இப்படி எதையும் விடாத சுற்று கிடைக்கிறது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 7-ஐ மட்டும் வைத்துப் பெருக்கினாலும் முழுச் சுற்று வரும். ஐந்தாம் அடுக்கு அதைக் கெடுக்காததற்குக் காரணம், 2147483646-இன் பகாக் காரணிகளாகிய 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றில் 5 இல்லை என்பதே. இன்றைய பெரிய வேலைகளுக்கு இந்த முறை போதாது. அதன் சுற்று இன்றைய கணினிக்குச் சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆனால் கற்றுக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான முறையை நான் கண்டதில்லை.

நிறைவெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உன் தாத்தா காலத்து ஆசிரியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் சமமான எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3. ஒரு மெர்சென் பகா எண் கிடைத்தால் கூடவே ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும் என்பது யூக்ளிட் காட்டியது. இரட்டைப்படை நிறைவெண்கள் அத்தனையும் இந்த வழியில் வந்தவையே என்பது ஆய்லர் நிறுவியது. நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற எட்டாவது நிறைவெண் வருகிறது. இதன் வகுத்திகள் 62. அவற்றை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. 1 முதல் 2³⁰ வரை இரட்டித்துச் செல்லும் வகுத்திகளின் கூட்டுத்தொகையே 2147483647, அதை 1 + 2147483647-ஆல், அதாவது 2³¹-ஆல் பெருக்கினால் அந்த நிறைவெண்ணின் சரியான இருமடங்கு கிடைத்துவிடும். எண்ணையே அதிலிருந்து கழித்துவிடு. 1811-இல் ஆங்கிலேயரான பார்லோ தம் நூலில், இவை வெறும் வியப்புக்குரியவையே அன்றிப் பயனுடையவை அல்ல என்பதால், இதைவிடப் பெரிய நிறைவெண்ணைத் தேட எவரும் முயல மாட்டார்கள், இதுவே என்றென்றும் மிகப் பெரியதாக இருக்கும் என்ற கருத்தை எழுதிவைத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை நாற்பத்து நான்கு நிறைவெண்கள் கண்டறியப்பட்டுள்ளன. பயனைப் பற்றிய பார்லோவின் கருத்தை உன் அப்பா இன்றும் ஏற்றுக்கொள்கிறார் என்பதை நீ அறிவாய்.

இறுதியாக, நீ உன் கணினியில் செய்து பார்க்க ஒன்று. 5-ஐ அடுக்காக வைத்தால் 2⁵ − 1 = 31, பகா எண். 31-ஐ அடுக்காக வைத்தால் 2147483647, அதுவும் பகா எண். அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் என்ன ஆகும்? 2-இல் தொடங்கும் இன்னொரு சங்கிலியில் 3, 7, 127, பிறகு 127-ஐ அடுக்காகக் கொண்ட 39 இலக்க எண் என்று தொடர்ந்து பகா எண்களே வருகின்றன. கடைசி எண்ணை 1876-இல் பகா எண் என்று காட்டியவரும் லூக்காவே. அதற்கு அடுத்தது பகா எண்ணா என்பது இன்றும் எவருக்கும் தெரியாது. நம் சங்கிலியிலோ விடை கிடைத்துவிட்டது. 2-இன் 2147483647-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண்ணில் சுமார் 64.6 கோடி இலக்கங்கள் இருக்கும். அதை 295257526626031 வகுக்கிறது. ஆய்லரின் இரண்டு நிபந்தனைகளையும் இந்தக் காரணி மீறவில்லை என்பதைக் கவனி: ஒன்றைக் கழித்தால் 2147483647-இன் சரியாக 137490 மடங்கு, 8-ஆல் வகுத்தால் மீதி 7.

அறுபத்து நான்கு கோடி இலக்கங்களை எழுதாமலேயே இதைச் சரிபார்க்கலாம். 2-இல் தொடங்கி, வர்க்கப்படுத்து, 295257526626031-ஆல் வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள். இதை 31 முறை செய். முப்பத்தொன்றாவது முறை மறுபடியும் 2 வர வேண்டும். வந்தால் 2-இன் 2147483648-ஆம் அடுக்குக்கு மீதி 2, ஆகவே அதற்கு ஓர் அடுக்கு குறைந்ததற்கு மீதி 1. இடையில் வரும் வர்க்கங்கள் இருபத்தொன்பது இலக்கம்வரை போகும் என்பதால் 64 இடங்கள் போதாது; எண்ணின் நீளத்துக்கு வரம்பு வைக்காத மொழியில் எழுது. முடித்ததும் முப்பத்தொரு மீதிகளையும் எனக்கு அனுப்பு. முதல் சிலவற்றை நான் இங்கே தாளில் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா